மருதையாற்றின் கணக்கு

அரியலூர் ரயில் விபத்து என்றதும் நம் நினைவில் எழுவது லால் பகதூர் சாஸ்திரியின் பதவி விலகல்தான். மேடைதோறும் சொல்லிச் சொல்லி அது ஒரு நீதிக்கதையாகவே ஆகிவிட்டது. ஆற்றை மறந்துவிட்டோம்.

1956 நவம்பர் 23 விடியற்காலை. முந்தைய இரவு சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை அடைந்தபோது, வெள்ளம் பாலத்தைக் குலைத்துவிட்டிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகிலும் வெள்ளத்தால் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். அப்போது சாஸ்திரி அளித்த விலகல் கடிதத்தை நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் இரண்டு பாலங்கள். இரண்டிலும் குற்றவாளி மழை.

மழை மட்டும்தானா? இருப்புப்பாதை என்பது நிலத்தின் குறுக்கே நெடுகப் போட்ட கரை. நீர் சரிவை நோக்கி ஓடுகிறது, பாதையோ ஊரை நோக்கி. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பொறியாளர் நீருக்கு வழி விடுகிறார். அவ்வழியின் அகலத்தைப் பழைய வெள்ளங்களைக் கொண்டு, ஐம்பது ஆண்டுக்கோ நூறு ஆண்டுக்கோ ஒருமுறை வரும் பெருக்கு இவ்வளவு என்று கணிக்கிறார். நேற்று பெய்த மழைதான் நாளையும் பெய்யும் என்ற நம்பிக்கையில் நிற்கும் கணக்கு அது. காற்றின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் அது ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்கிறது இயற்பியல். ஒரு நாள் முழுதும் வடியவேண்டிய நீர் சில மணி நேரத்தில் வந்து முட்டினால் கரை என்ன செய்யும்? மேலே ஓர் ஏரியும் உடைந்தால் கேட்கவே வேண்டாம்.

2023 டிசம்பரில் அதைக் கண்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் காண்பதைவிட அதிகம். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணூறு பயணிகள் அளவில் சிக்கினர். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. 19ஆம் தேதிதான் எல்லோரும் மீண்டனர். பசித்த குழந்தைகளோடு தவித்தவர்களின் கோபம் நியாயமானதே. ஆயினும் 1956இல் வண்டி ஓடியது, 2023இல் நின்றது என்ற வேறுபாட்டை நான் சிறிதாக எண்ணவில்லை.

எந்தப் பாலத்தின் கணக்கு எந்தக் காலத்து மழையை வைத்துப் போடப்பட்டது என்பதை ரயில்வே ஊரறிய வெளியிட்டால், ஐப்பசி கார்த்திகையில் பயணச்சீட்டு வாங்குகிறவர் எதை நம்பி ஏறுகிறார் என்பதாவது அவருக்குத் தெரியும்.