திமிலை: கடல் கடந்த ஒரு மீன்பெயர்

மலாக்கா நீரிணையின் அடிமணலில் வாழும் சிறு திருக்கை ஒன்றுக்கு 1831இல் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே இட்ட பெயர் ‘தெமேரா ஹார்ட்விக்கியை’. தொட்டால் மின் அதிர்ச்சி தரும் மீன் அது. பெயரின் முதற்பாதி வங்காள விரிகுடாவுக்கு அக்கரையில் பிறந்தது.

1801இல் வெளிவந்த பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் மீனியல் நூல், தரங்கம்பாடியில் கிடைத்த மின்திருக்கையை ‘திம்லெய்’ என்று பதிந்தது. தமிழ் மீனவரின் ‘திமிலை’தான் அது. 1803இல் விசாகப்பட்டின மீன்களை விவரித்த பாட்ரிக் ரஸ்ஸல் ‘தெமெரீ’ என்றெழுதினார். கிரேயின் தெமேராவில் ஒலிப்பது அந்தச் சொல்லே.

தெலுங்கில் ‘திம்மிரி’ என்றால் மரத்துப்போதல். தமிழில் ‘திமிர்’ செருக்கை மட்டுமல்ல, உணர்வற்று விறைப்பதையும் குறிக்கும். திமிர்வாதம் என்னும் நோய்ப்பெயர் அதற்குச் சான்று. பந்தல் பந்தர் ஆவதுபோல லகரமும் ரகரமும் மாறி வருவதால், திமிலையைத் திமிரின் உறவாகக் கொள்வதே பொருத்தம். கிரேக்கரின் ‘நார்கே’, லத்தீனின் ‘டார்பிடோ’ ஆகிய மீன்பெயர்களும் மரத்தலைச் சொல்பவையே.

மலேசியாவில் பேராக் ஆற்றின் செண்டெரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. ‘கரண்டு அடிச்சிருச்சு’ என்றால் இன்று ஈப்போவில் யாருக்கும் புரியும். கரண்டையே அறியாத காலத்து மீனவர், கை உணர்ந்ததைப் பெயராக்கினர்.

அணை நீரைத் தேக்குவதுபோல இந்த மீன் சோடியம் அயனிகளைத் தேக்குகிறது. தலையின் இருபுறமும் தட்டையான செல்கள் தூண் தூணாக அடுக்கியிருக்கும். எல்லாம் தசையிலிருந்து உருமாறியவை. இரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஏடிபி என்னும் மூலக்கூறில் சேமிக்கப்படுகிறது. ஓர் ஏடிபியைச் செலவழித்து, செல்சவ்விலுள்ள பம்பு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்ததும் செல்லின் ஒரு பக்கத்து வாயில்கள் மட்டும் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. ஒரு செல் தருவது ஏறத்தாழ 0.1 வோல்ட், அடுக்கு முழுதும் ஒரே நொடியில் சேரும்போதுதான் அதிர்ச்சி.

ஆக, அடிக்கும் கணத்தில் எதுவும் எரிவதில்லை. முன்பே சேர்த்துவைத்த அயனிச் செறிவுச் சரிவு இறங்குகிறது. அதை மீண்டும் ஏற்றவே ஏடிபி வேண்டும். ஏடிபியை உடனுக்குடன் புதுப்பிக்கும் கையிருப்பு கிரியேட்டின் பாஸ்பேட். தென்னமெரிக்க மின்விலாங்கில் இந்த இருப்பு கரைவதை டேவிட் நாக்மன்சோனும் கூட்டாளிகளும் 1943இல் காட்டினர். 

‘மின்திருக்கை’ காரணத்தைச் சொல்லும் பெயர். ‘திமிலை’ தொட்டவர் அறிந்ததைச் சொல்லும் பெயர். உலக விலங்கியலே ஏற்றுக்கொண்ட சொல்லை, நீரிணையின் இக்கரையில் தமிழில் எழுதும் நாமும் முதற்பெயராகவே எழுதுவோம்.