இரண்டு கிளிக்கும் அரைச் செக்கனும்
கட்டுக்கரைக் குளத்தை அண்டிய எங்கள் கிராமத்தில் கணினி பழக்குகிறேன். பழக வந்த அண்ணன் ஒருவருக்கு ஷெல் துண்டு பட்டு வலக்கை விரல்கள் விறைத்துவிட்டன. கோப்பைத் திறக்க இரண்டு தரம் அழுத்துவார், திறக்காது. "தம்பி, இது எனக்குச் சரிவராது" என்றார்.

கோளாறு அவரது கையில் இல்லை. தெரிவுசெய்ய ஒரு கிளிக், திறக்க இரண்டு என்ற வழக்கத்தைப் பரப்பியது 1984இல் வந்த அப்பிள் மக்கின்டோஷ். அதன் மவுஸுக்கு ஒரே பொத்தான். விண்டோஸ் இரண்டாவது கிளிக்குக்குத் தரும் அவகாசம் 500 மில்லிசெக்கன். பிந்தினால் அது வேறொரு தனிக் கிளிக்.

கொன்ட்ரோல் பனலில் மவுஸ் பகுதியில் இந்த அவகாசத்தைக் கூட்டலாம். அங்கேயே 'பைல் எக்ஸ்புளோரர் ஒப்ஷன்ஸ்' சென்று, ஒரே கிளிக்கில் திறக்கும்படியும் மாற்றலாம். தவறுதலாகச் சில கோப்புகள் திறக்கும், மூடினால் போயிற்று. ஒருதரம் கிளிக் செய்து 'என்டர்' அழுத்தினாலும் திறக்கும், எதையும் மாற்றத் தேவையில்லை. அண்ணன் பிடித்துக்கொண்டது இதைத்தான். என்டருக்கு இடக்கை.