எளிய இல்லத்தின் எழில்

வரலாற்று நூல்களைப் புரட்டினால் அரசர்தம் சுவர்களையே காண்கின்றோம். சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கையும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் தீட்டுவித்த ஓவியங்களும் அறிஞர்களால் போற்றி ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அக்கோயில்களைச் சுற்றியிருந்த தெருக்களில் வாழ்ந்த உழவனும் நெசவாளனும் தம் இல்லத்தை எவ்வாறு அழகு செய்தனர் என்பதைக் கல்வெட்டுக்கள் கூறுவதில்லை. மண்சுவர் மழையில் கரைந்தது; வாசற்கோலம் மாலைக்குள் மறைந்தது. ஆகவே எளியோர் இல்லத்து அழகுக்கு வரலாறே இல்லை என்று நினைத்துவிடுகின்றோம்.

உண்மை அதுவன்று. கையில் பணம் சேரட்டும், அதன்பின் வீட்டை அழகு செய்யலாம் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த அழகைப் படைக்கும் வழியை அவர்கள் அறிந்திருந்தனர். ஊரைவிட்டு வந்து, அரசாங்கக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலும் குடும்பம் நடத்தும் நாம் அவ்வரலாற்றை அறிந்துகொள்வது வீண்போகாது.

தரையும் சுவரும்

முதலில் சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீரில் நீற்றி, அதனுடன் பசையும் சிறிது நீலமும் சேர்த்துச் சுவருக்கு அடிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடைகின்றது. பூச்சியும் பூசணமும் அதில் எளிதில் அண்டுவதில்லை. இருண்ட வீட்டில் வெளிச்சம் இரட்டிக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னர், ஏழை வீடும் புது வீடாயிற்று. திண்ணையின் ஓரத்திலும் வாசற்படியிலும் செம்மண்ணும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையாகத் தீட்டப்பட்டன. இதற்கு வேண்டிய பொருளின் விலை சொற்பம். வேண்டியிருந்ததெல்லாம் குடும்பத்தாரின் உழைப்பே.

கோலத்தின் பெருமையோ இன்னும் வியப்புக்குரியது. ஒரு பிடி அரிசி மாவு, சாணம் தெளித்த தரை, பயின்ற விரல்கள் ஆகிய மூன்றே அதன் மூலதனம். புள்ளிகளை வரிசையாக இட்டு, அவற்றைச் சுற்றி முறியாத இழையை வளைத்துச் செல்லும் சிக்குக் கோலத்தில் நுட்பமான கணக்கு அடங்கியுள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ந்தோரும் 1974ஆம் ஆண்டில் கோலங்களின் அமைப்பைக் கணித இலக்கண முறையில் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். பள்ளிக்கூடம் அறியாத பாட்டிமார் நாள்தோறும் வாசலில் எழுதி வந்தது, கணித அறிஞர் கருத்தூன்றிப் படிக்கத்தக்க பாடமாயிற்று.

செல்வர் வீடுகளிலிருந்தும் நாம் ஒரு பாடம் கற்கலாம். செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும் கப்பலில் வந்தன. ஆயினும் அப்பகுதியின் பெயரை இன்று நாடெங்கும் எடுத்துச் செல்வது, அவ்வட்டாரத்து மணலைக் கொண்டு கையால் செய்யப்படும் ஆத்தங்குடித் தரை ஓடே. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை வடிவத்துக்கேற்ப ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பின்னர் நீரில் ஊறவைக்கின்றனர். கண்ணாடியை எடுத்ததும் அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் நிலைத்துவிடுகின்றது. தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருளோடு, காலடியில் கிடந்த மணலும் அழகில் போட்டியிட்டது!

சுவருக்கு வந்த படம்

தரையும் வாசலும் இவ்வாறு பொலிந்தபோதும், ஓவியம் என்பது நெடுங்காலம் எளியோருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. பொன்தகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர்ப் படத்தை விலை கொடுத்து வாங்கும் ஆற்றல் சிலருக்கே இருந்தது. அந்நிலையை மாற்றியது அச்சு. ஜெர்மானியரான செனபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்த கல்லச்சு முறை, ஒரே ஓவியத்தை ஆயிரக்கணக்கில் பெருக்க வழி செய்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். அக்கற்களிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணங்கள் தாளில் பதிய, முழுப்படம் உருவாகும்.

கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய சமஸ்தானங்களில் திவானாக விளங்கிய சர். டி. மாதவராவ், ஓவியர் ராஜா ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை கூறினார். நாடெங்குமிருந்து ஓவியம் வேண்டுவோர் அனைவருக்கும் ஒருவர் கையால் வரைந்து கொடுத்தல் இயலாது. எனவே சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடச் செய்யலாம் என்பதே அது. ரவிவர்மா அதனினும் ஒரு படி மேலே சென்றார். 1894ஆம் ஆண்டில் தம் தம்பி ராஜராஜ வர்மாவின் துணையுடன் பம்பாயிலேயே அச்சகம் நிறுவினார். பொறிகளும் தொழில் வல்லாரும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியதும் தொழில் தடுமாறியது. அச்சகம் லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம் பெயர்ந்தது. கடன் சுமை ஏறவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய ஜெர்மானியத் தொழில் வல்லுநரிடமே அது விற்கப்பட்டது. நிறுவியவர்க்கு அத்தொழிலில் இழப்பே மிஞ்சியது. நாட்டுக்கோ பெருஞ்செல்வம் கிடைத்தது. அங்கு அச்சாகிய இலக்குமியும் கலைமகளும் எண்ணற்ற இல்லங்களின் சுவர்களை அடைந்தனர். பல வீடுகளில் பெண்கள் அப்படங்களின்மேல் சரிகைத் துணியும் ஜிகினாவும் வைத்துத் தைத்து, அச்சுப் படத்தைத் தம் கைப்படைப்பாகவே ஆக்கிக்கொண்டனர்.

அடுத்த அதிகாரம் தமிழகத்தின் தென்பகுதியில் எழுதப்பட்டது. மழை குறைந்த கரிசல் நிலத்து ஊரான சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கு ஒட்டுவதற்கு வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. அச்சீட்டுக்காக அச்சகங்கள் எழுந்தன. அந்த அச்சகங்களிலிருந்து நாட்காட்டிப் படங்கள் பிறந்தன. நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி வந்த கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, மாணவர் பலரைப் பயிற்றி, முருகனையும் மீனாட்சியையும் நாட்காட்டிக்கென வரைந்தார். வணிகர்கள் தம் கடைப்பெயரை அடியில் அச்சிட்டு, புத்தாண்டில் வாடிக்கையாளருக்கு அவற்றை இனாமாகவே வழங்கினர். தேதித்தாள் தீர்ந்த பின்னும் படம் தங்கியது. பலர் அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டினர்.

இது வெறும் அலங்காரத்தின் கதையன்று. அந்நாளில் தமிழ்மக்களுள் ஒரு பகுதியினருக்குக் கோயிற்கதவு அடைபட்டிருந்தது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டில்தான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தனர். அதற்கு முன்னரே, எவரிடமும் அனுமதி கேளாமல், அச்சிட்ட தாளில் குடிசைக்குள் சென்று அமர முடிந்தது தெய்வத்தின் திருவுருவம். அழகும் வழிபாடும் செல்வர்க்கும் மேல்வரிசையினர்க்கும் மட்டுமே உரியன என்ற எண்ணத்தை, மலிவான அந்தப் படம் ஓசையின்றி அசைத்தது. மலிவு என்பது இழிவு அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் குடியிருப்புகள்

இனி நம் கதைக்கு வருவோம். பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை மாதுங்கா போன்ற புறப்பகுதிகளைத் திட்டமிட்டு வளர்த்தது. அங்கே தமிழர் குடியேறினர். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. 1931இல் புதுதில்லி திறந்துவைக்கப்பட்டது. அலுவலகப் பணி நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே அச்சில் வார்த்தாற் போன்ற குடியிருப்புகளில் வாழத் தொடங்கின. வாசல் நமதன்று, சுவரில் ஆணி அடிக்கவும் தயக்கம், எந்த ஆண்டிலும் மாற்றல் உத்தரவு வரலாம்.

அந்நிலையிலும் நம் மூத்த தலைமுறையினர் சோர்ந்துவிடவில்லை. முற்றம் இல்லாத மாடி வீட்டில் கதவுக்கு முன்னுள்ள இரண்டடி சிமெண்டுத் தரையே வாசலாயிற்று. நவராத்திரி வந்ததும், ஊரிலிருந்து துணிமணி கொண்டுவந்த டிரங்குப் பெட்டிகளே கொலுப் படிகளாயின. பலகையை வைத்து, வெள்ளை வேட்டியை விரித்தால் குறை தெரியாது. வைக்கோல் சுற்றி இரயிலில் வந்த மரப்பாச்சியும் மண்பொம்மையும் அதன்மேல் கொலுவிருந்தன. பழஞ்சேலை திரைச்சீலையாயிற்று. பத்தமடைப் பாய் விருந்தினர்க்கு இருக்கையாயிற்று. அண்டை வீட்டுப் பஞ்சாபியரும் வங்காளியரும் அக்கொலுவைக் காண வந்தபோது, அச்சிறு அறை நம் நாட்டின் தூதரகமாகவே திகழ்ந்தது.

இன்று நம்மில் பலருக்கு வருவாய் உயர்ந்துள்ளது. கடைகளில் பொருளும் குவிந்துள்ளது. ஆயினும், “சொந்த வீடு அமையட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு ஓயவில்லை. அவ்வாறு தள்ளிப்போடும் ஆண்டுகளிலேதான் நம் குழந்தைகள் வளர்கின்றனர். பின்னாளில் அவர்கள் நினைவில் நிற்கப்போவது, நாம் என்றோ கட்டவிருக்கும் வீடன்று. இன்று குடியிருக்கும் இரண்டு அறைகளே.

முன்னோர் கையாண்ட முறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, அருகில் கிடைப்பதைக் கொள்ளுதல். இரண்டு, வீட்டிலுள்ளோர் அனைவரும் கைதொட்டுச் செய்தல். மூன்று, அழிவதற்கு அஞ்சாமல் மீண்டும் மீண்டும் புதுப்பித்தல். ஒட்டுத்தாளில் அச்சிட்டு விற்கும் கோலம் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும். ஆனால் அதை இடுவதற்கு ஒரு கை பயில வேண்டியதில்லை. மாவுக்கோலம் எறும்புக்கு இரையாகி அழிகின்றது. அழிவதனாலேயே மறுநாள் ஒரு சிறுமிக்கு அதனைக் கற்கும் வாய்ப்புக் கிடைக்கின்றது.

ஆதலின் வரும் பொங்கலுக்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டா. பழைய நாட்காட்டியிலிருந்து ஒரு நல்ல படத்தைச் சட்டமிட்டு, சுவரில் தக்க இடம் பார்த்து மாட்டுவோம். கதவின் முன்னுள்ள இரண்டடி இடத்தில் புள்ளி வைக்கும் வேலையை வீட்டின் இளையவரிடம் ஒப்படைப்போம். இழை கோணினாலும் குற்றமில்லை. மறுநாட் காலையில் அதே இடம் மீண்டும் அவர்களுக்காகக் காத்திருக்கும்.