போலி ஓவியனின் கடைசிப் போலி

போலி ஓவியங்களைச் சுற்றிப் பின்னப்பட்ட இலகுவான துப்பறியும் நாவல்களை நான் விரும்பி வாசிப்பதுண்டு. அவற்றில் வரும் போலி ஓவியன் பெரும்பாலும் கொடியவன் அல்லன்; பணக்காரரின் கர்வத்தையும் நிபுணரின் தலைக்கனத்தையும் அம்பலப்படுத்தும் குறும்பன். கடைசி அத்தியாயத்தில் அவன் அகப்படும்போது வாசகனுக்குக் கவலையாகக்கூட இருக்கும். வரலாற்றில் இந்த வார்ப்புக்கு அச்சொட்டாகப் பொருந்துபவராகக் கருதப்பட்டவர், ஒல்லாந்து நாட்டு ஓவியரான ஹான் வான் மேகரன் (1889-1947).

1945 மே மாதம் அவர் கைது செய்யப்பட்டார். பதினேழாம் நூற்றாண்டின் மாபெரும் ஓவியரான வெர்மீரின் படைப்பொன்று நாஸித் தலைவர் கோரிங்கின் சேகரிப்பில் கண்டெடுக்கப்பட்டது. 137 ஓவியங்களை மாற்றாகக் கொடுத்து கோரிங் அதனைப் பெற்றிருந்தார். அது யார் கையிலிருந்து கிளம்பியது என்று தேடியபோது வான் மேகரன் சிக்கினார். தேசத்தின் செல்வத்தை எதிரிக்கு விற்றதென்பது பாரதூரமான குற்றம். சில வாரங்கள் மௌனமாயிருந்தவர், பின்னர் அதை வரைந்தவன் தானே என்றார். எவரும் நம்பவில்லை. காவலர் பார்த்திருக்க, வெர்மீர் பாணியில் புதிய ஓவியமொன்றை வரைந்து காட்டினார்.

அவருடைய செய்முறை நுட்பமானது. பதினேழாம் நூற்றாண்டுக் கன்வஸ் துணியைத் தேடிப்பிடித்து, பழைய வர்ணத்தைச் சுரண்டியெடுப்பார். புதிய வர்ணத்தில் பேக்லைட் வகைப் பிசினைக் கலந்து, படத்தைச் சூளையிலிட்டு இறுக வைப்பார். உருளையில் சுற்றி வெடிப்புகளை உண்டாக்கி, அவற்றுள் மையைப் பூசி நூற்றாண்டுகளின் அழுக்கைத் தோற்றுவிப்பார்.

ஆனால் அவரது பெருந்திறமை சூளையில் இருக்கவில்லை. வெர்மீரின் ஓவியங்களாக இன்று அறியப்படுபவை நாற்பதுக்கும் குறைவு. அவர் இளமையில் மேலும் விவிலியக் காட்சிகளைத் தீட்டியிருக்க வேண்டுமென அக்கால அறிஞர் சிலர் ஊகித்தனர். வான் மேகரன் அந்த ஊகத்தையே ஓவியமாக்கினார். ‘எம்மாவூஸ் விருந்து’ என்ற அப்படத்தை, எண்பது வயதைக் கடந்த பேரறிஞர் ஏப்ரகாம் பிரேடியஸ் 1937இல் வெர்மீரின் தலைசிறந்த படைப்பெனப் போற்றினார். றொட்டர்டாம் நூதனசாலைக்காக அது ஐந்து இலட்சம் கில்டருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கப்பட்டது.

1947 நவம்பரில் அவருக்கு மோசடிக்காக ஓராண்டுச் சிறை மட்டுமே விதிக்கப்பட்டது. அதை அனுபவிக்குமுன், டிசம்பர் 30ஆம் திகதி அவர் காலமானார். அதற்குள் பத்திரிகைகள் அவரைக் கோரிங்கையே ஏமாற்றிய வீரனாக்கிவிட்டிருந்தன.

இங்கேதான் பத்திரிகைக்காரனாகிய என் மனம் உறுத்துகிறது. அவர் வெளியிட்ட சித்திர நூலின் பிரதியொன்று, ஹிட்லரைப் போற்றும் அர்ப்பண வாசகத்துடன் பெர்லினில் கிடைத்ததை ஒல்லாந்துப் பத்திரிகையொன்று 1945இலேயே வெளியிட்டிருந்தது. கையொப்பம் மட்டுமே தன்னுடையது, வாசகம் பிறருடையது என்று அவர் சமாளித்தார். ஐந்தாண்டு ஆக்கிரமிப்பில் கூனிக் குறுகிய ஒரு சமூகத்துக்கு எதிரியைப் பார்த்துச் சிரிக்க ஒரு கதை தேவைப்பட்டது. செய்தி தோற்றது; கதை வென்றது. ஆக்கிரமிப்பாளருடனான அவரது இணக்கத்தை ஜொனதன் லோப்பெஸ் போன்ற ஆய்வாளர்கள் 2008இல் விரிவாக எழுதிய பின்னரும், அந்தக் குறும்பன் பலர் மனதில் வாழ்கிறான்.

பிரேடியஸ் காண விரும்பியதைக் கண்டார். அவரைப் பார்த்து நகைத்த மக்களும் அதையே செய்தனர். கன்வஸில் செய்த போலிகளை இரசாயனம் காட்டிக்கொடுத்தது. அவர் தன்னைப்பற்றித் தீட்டிய போலியோ அரை நூற்றாண்டுக்கு மேல் அசலாகவே தொங்கிக்கொண்டிருந்தது.