தீமிதிக்கு முன்னே ஒரு கதை

சிங்கப்பூரில் தீமிதி என்றவுடன் பூக்குழியும், மஞ்சளாடை அணிந்த அடியார்களும், நள்ளிரவு வரை நீளும் வரிசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அவ்வோர் இரவு, நெடியதொரு கதையின் இறுதி ஏடே ஆகும். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் ஏறத்தாழ இரண்டரை மாத காலம் நடைபெறும் இவ்விழா, மகாபாரதத்தை வாசித்தும் சடங்குகளாக நிகழ்த்திக் காட்டியும் செல்வதாகும்.

கோயிலில் பாரதம் சொல்லும் மரபு மிகத் தொன்மையானது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டதைக் கூறுகிறது. வில்லிபுத்தூராரின் பாரதம் தோன்றிய பின்னர், அதன் பாடல்களைப் பாடிப் பொருள் விரிக்கும் பிரசங்கிகள் ஊர்தோறும் உருவாயினர். செஞ்சியைச் சூழ்ந்த வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளமும் தீமிதியும் என்று விழாமுறை அமைந்தது. எழுத்தறியாத உழவனும் பாரதத்தை அறிந்தது இவ்வாறே.

அம்மரபு பின்னர் கடல் கடந்தது. 1819ஆம் ஆண்டு ராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் இவ்வாலயத்தை எழுப்பினார். தொடக்ககால அடியார்களுள் நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதியினர் பலர். கடலூரோ திரௌபதி வழிபாடு வேரூன்றிய மண். 1840 முதல் தீமிதி நடைபெற்று வருகிறது என்பது ஆலய வரலாறு. முற்காலத்தில் ஆல்பர்ட் ஸ்திரீட்டிலும் தீமிதி நடந்ததால், தமிழர் அவ்விடத்தை அப்பெயராலேயே சுட்டினர். இன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படும் அடியார்கள், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து பூக்குழியை அடைகின்றனர்.

வேலை தேடி வந்தோருள் பெரும்பாலோர் குடும்பத்தைப் பிரிந்த ஆடவர். அத்தகையோர் பல மாலைகள் ஓரிடத்தில் கூடி அமர்வதற்குப் பாரதம் காரணமாயிற்று. திரௌபதி திருமணமும், அரவான் பலியும், படுகளமும் அவர்களுக்கு வெறுஞ்சடங்குகள் அல்ல. பிறந்த ஊரில் கேட்ட கதையின் தொடர்ச்சி. போர் முடிந்தபின் திரௌபதி தீயில் இறங்கித் தன் தூய்மையை நிலைநாட்டினாள் என்னும் நம்பிக்கையே தீமிதிக்குப் பொருள் தந்தது.

தீமிதி இரவில் திரளும் கூட்டம், பாரதம் வாசிக்கும் மாலைகளில் திரள்வதில்லை. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழியான பின் வளர்ந்த தலைமுறைக்குச் செய்யுள் தமிழ் எளிதில் விளங்குவதுமில்லை. கதை மறந்துபோனால், எஞ்சுவது நெருப்பு மட்டுமே.

பெருமுயற்சி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு சடங்குக்கும் முன்னர் அதன் கதையைப் பத்து நிமிடம் எளிய தமிழில் சொல்ல ஒருவர் முன்வரலாம். பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, அரவான் யார் என்று தாத்தாவும் பாட்டியும் சொல்லிக் கொடுக்கலாம். இங்கு இவ்விழா வேர்கொண்டதும் சொல்ல ஒருவரும் கேட்கப் பலரும் இருந்ததனால்தான். சொல்வோர் இன்றும் உளர்; கேட்போராய் நாம் சென்று அமர்தல் வேண்டும்.