கல்லாகிப்போன கலங்கல்

அந்தமான் தீவுகளில், போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியின் பாறைகள், ஆழ்கடலின் தரையில் படிந்து, பின்னர் மேலெழுந்தவை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம் 1885-இல் வெளியிட்ட குறிப்புகளில், மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்ட இத்தொகுதியைப் 'போர்ட் பிளேயர் வரிசை' என்று அழைத்தார். களி அசையாத நீரில் படிவது, பருமணலோ விரைந்தோடும் நீரில் வருவது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் ஓயாமல் மாறிமாறிப் படிந்ததன் காரணத்தை அன்றைய புவியியல் அறிந்திருக்கவில்லை.

விடைக்கான தடயம் உலகின் மறுகோடியில் கிடைத்தது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலம் நடுங்கியபின், அங்கிருந்த தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. நடுக்க மையத்துக்கு அருகிலிருந்தவை உடனே அறுந்தனவென்றாலும், சரிவின் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே சென்றன. 1952-இல் ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் இந்த நேரங்களை வரிசைப்படுத்தி, கம்பிகளை அறுத்தது 'கலங்கல் நீரோட்டம்' என்று காட்டினர். சரிவில் இளகிய சேறும் மணலும் நீரோடு கலக்கும்போது, அக்கலவை சுற்றியுள்ள தெளிந்த நீரைவிடக் கனமாகி, கடல்தரையை ஒட்டியபடி பாய்கிறது. பாயப்பாயத் தரையை அரித்து மேலும் மணலை அள்ளிக்கொண்டு, சமதரையை அடைந்தபின்னரே வேகம் தணிகிறது. நீர் தணியும்போது முதலில் பருமணலும், அடுத்து நுண்மணலும், நெடுநாள் கழித்துக் களியும் படிகின்றன. இவ்வடுக்குமுறையின் காரணத்தை 1950-இல் புவியியலாளர்கள் கூனனும் மிக்லியோரினியும் விளக்கினர். 1962-இல் மற்றொரு புவியியலாளரான பௌமா அதனை ஐந்து படிகளாக வகுத்தார்.

அந்த வகுப்பை ஃபீனிக்ஸ் பேயிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் கண்ணெதிரே காணலாம். அங்கே ஒரு மணற்கல் அடுக்கின் அடிப்பகுதி, கீழுள்ள களிப்பாறையின்மேல் கத்தியால் வெட்டியதுபோலத் தொடங்குகிறது. மேலே செல்லச்செல்ல மணல் நுண்மையாகி, மெல்லிய வரிகளாகவும் சிற்றலை வடிவங்களாகவும் மாறிக் களியில் முடிகிறது. அதன்மேல் அடுத்த பாய்ச்சலின் பருமணல் திடீரெனத் தொடங்குகிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பாய்ச்சல், தொடங்கி ஓய்ந்த முழு வரலாற்றையும் ஒரு முழ உயரத்துக்குள் எழுதிவைத்திருக்கிறது என்பதே இப்பாறையின் அருமை. அம்மணல் இமயத்திலிருந்து வந்ததா, பர்மியப் பகுதியிலிருந்து வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதே செயல் இத்தீவுகளுக்கு மேற்கேயுள்ள அகழியில் இன்றும் நடக்கிறது. அகழி என்பது, இந்தியத் தட்டு கிழக்கிலுள்ள தட்டின் அடியில் நுழையுமிடத்தில் உண்டாகும் நீண்ட பள்ளம். ஜாவாவுக்குத் தெற்கே 7,000 மீட்டருக்கும் மேல் ஆழமுடைய அப்பள்ளம், அந்தமானுக்கு அருகே வெகுவாகத் தூர்ந்துகிடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணர்ந்த வண்டலைக் கலங்கல் நீரோட்டங்கள் வங்காள விரிகுடாவில் சுமார் 3,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரப்பியிருப்பதே அதற்குக் காரணம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்துக்குப் பின், 2007-இல் சுமத்ராவுக்கு அப்பாலுள்ள கடல்தரையிலிருந்து சேற்றுத் தூண்கள் எடுக்கப்பட்டன. அந்நடுக்கம் அங்கே தெளிவான கலங்கல் அடுக்கைப் பதித்துள்ளது என்று ஒரு சாராரும், பல தூண்களில் அத்தகைய அடுக்கே இல்லை என்று மறுசாராரும் அவற்றைப் படித்துவருகின்றனர்.