செல்வர் தேர்ந்த நகரும் நகர் தேர்ந்த செல்வரும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த ஊர்களுள் குருக்கள்மடமும் ஒன்று. அவ்வூர்த் துறையில் நின்று மேற்கே நோக்கின், வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை தோன்றும். இரு துறைகளையும் இணைப்பது இப்பகுதி மக்கள் ‘பாதை’ என வழங்கும் மிதவையாகும். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. நெல்வயல்கள் பரந்து கிடப்பது படுவான்கரையிலே. ஆயினும், அவ்வயல்களை உடைய போடியார் பலரின் மனை எழுவான்கரையிலே இருந்தது. வயல்வாடியில் முல்லைக்காரர் தங்கினர். விளைந்த நெல் வாவியைக் கடந்து வந்தது. செல்வம் விளையும் இடம் ஒன்று, செல்வர் வாழும் இடம் பிறிதொன்று என்னும் நிலை எமது வாவிக்கரைக்குப் புதியதன்று.

எனினும் அவ்விரு இடங்களுக்கும் இடையே கிடந்தது ஒரு வாவியே. போடியார் தம் வயலைக் கண்ணால் காணத்தக்க தொலைவில் வாழ்ந்தார். பிரித்தானியர் ஆட்சியிலே இலங்கைச் செல்வர் சிலருக்கு அத்தொலைவு மாகடலளவு விரிந்தது. கொழும்பு, இலண்டன் முதலாய நகரங்களுள் எதனிலும் குடியிருக்க வல்ல பொருள்வளம் அவர்களுக்கு வாய்த்தது. பெருஞ்செல்வர் ஒருவர் உலக நகரங்களுள் எதனைத் தமக்குரியதாகத் தேர்வார்? அத்தேர்வு முற்றிலும் அவர் கையில் உள்ளதா? இவ்வினாக்களை ஒரே குடும்பத்தின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்குடும்பம் சேர் முத்துக்குமாரசுவாமியின் குடும்பமாகும். கொழும்பிலே செல்வமும் செல்வாக்கும் பெற்று விளங்கிய அவர், இலண்டன் சென்று 1863ஆம் ஆண்டில் ‘லிங்கன்ஸ் இன்’ என்னும் சட்டக் கழகத்தின் வழியாகப் பரிஸ்டரானார். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து அதே ஆண்டில் வெளியிட்டார். ஆங்கில மாதாகிய எலிசபெத் பீபியை மணந்தார். இலண்டனின் உயர்குழாத்தினுள் அவர் மதிப்புடன் உலவினார் எனலாம். ஆனால், 1879ஆம் ஆண்டில், மீண்டும் இங்கிலாந்து செல்லவிருந்த வேளையில் கொழும்பிலே காலமானார்.

அவருடைய மருகர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் வேறு வழியைக் கொண்டார். அவர் வாழ்ந்ததும் அரசியல் நடத்தியதும் பெரும்பாலும் கொழும்பிலே. ஆயினும் தம் பொருளின் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்துக் கல்விக்கு வழங்கினார். 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியும், 1921இல் பரமேசுவரக் கல்லூரியும் அவ்வாறு தோன்றின. பரமேசுவரக் கல்லூரி வளவிலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. செல்வர் ஓர் ஊரில் வாழ்ந்தவாறே மற்றோர் ஊரை வாழ்விக்கலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

முத்துக்குமாரசுவாமியின் ஒரே மகன் ஆனந்த குமாரசுவாமி. 1877ஆம் ஆண்டு ஓகத்து 22ஆம் நாள் கொழும்பிற் பிறந்து, இரண்டாவது வயதில் தாயாருடன் இங்கிலாந்து சென்று, அங்கேயே கல்வி கற்றார். தந்தையின் செல்வம் அவருக்கு உரியதாயிற்று. எந்நகரிலும் வாழ அவரால் இயன்றிருக்கும். ஆனால், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராகக் கடமையாற்றியபோது, கற்களைத் தேடி ஊர் ஊராய்ச் சென்ற அவர், நலிந்துவரும் கைவினைஞரின் வாழ்வையும் கண்டார். அதன் விளைவே 1908இல் வெளியான ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். இங்கிலாந்தின் பிராட் காம்ப்டென் என்னும் சிற்றூரில் ஒரு பழைய தேவாலயத்தைச் செப்பனிட்டு வாழ்ந்த அவர், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியைக்கொண்டு அந்நூலைத் தம் மனையிலேயே அச்சிட்டார். இலண்டனுக்குப் பதிலாக அவர் தேர்ந்தது ஒரு கைவினைக் கிராமத்தை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பின்னர் அவர் உள்ளம் இந்தியாவை நாடிற்று. 1910, 1911ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவில் பயணஞ்செய்து, அந்நாளில் மதிப்பாரற்றுக் கிடந்த இராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்கப்படின், தம் தொகுப்பு முழுவதையும் அதற்கு வழங்கத் தாம் ஆயத்தம் என அறிவித்தார். அதற்கு வேண்டிய நிதி திரளவில்லை. இஃது இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். குமாரசுவாமி காசியைத் தேர்ந்தார். காசி அவரைத் தேரவில்லை.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் படைச்சேவையை அவர் மனச்சான்றின்பேரில் மறுத்தார். 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர் அவருக்கு இடமளித்தது. டென்மன் ரொஸ் என்னும் செல்வர் அவரது தொகுப்பை வாங்கி அந்நகர் நுண்கலை நூதனசாலைக்கு நல்கினார். குமாரசுவாமி அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளரானார். முப்பது ஆண்டுகள் அங்கிருந்தே எழுதினார். 1947ஆம் ஆண்டு, தமது எழுபதாவது பிறந்தநாள் விருந்தில், விரைவில் இந்தியா திரும்பவிருப்பதாகக் கூறினார். இந்தியா விடுதலை பெற்று அப்போது ஒரு வாரமே ஆகியிருந்தது. பதினெட்டாம் நாள், செத்தெம்பர் 9இல், அவர் மறைந்தார்.

பொஸ்டனுக்குச் சென்றதனாலன்றோ அவ்வோவியங்கள் பேணப்பட்டன, அவ்வறிஞரின் நூல்களும் எழுந்தன என்று வினவுவார் உளர். அது மெய்யே. பொஸ்டனைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. ஆனால், இராஜபுத்தானத்து மாணவன் ஒருவன் தன் மூதாதையர் தீட்டிய அவ்வோவியங்களைக் காண மாகடல் கடக்க வேண்டியுள்ளமையும் மெய்யே. வீட்டைப் பொருளால் வாங்கலாம். தாம் கொண்டுவருவதை வேண்டி ஏற்கும் ஊரைப் பொருளால் வாங்கவியலாது. பொஸ்டனிடம் மிகுந்திருந்தது பணம் மட்டுமன்று. ஏற்கும் ஆயத்தமும் ஆகும்.

இன்று எமது வாவிக்கரை ஊர்களிலிருந்தும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று வாழ்வோர் பலர். அவர்கள் ஏன் போயினர் என்று கேட்பது எளிது. அவர்களுள் ஒருவர் தம் பொருளோடும் புலமையோடும் திரும்பி வந்து, இவற்றை எங்கே வைப்பது என்று வினவினால், காட்டுவதற்கு எம்மிடம் ஒரு நூலகமோ நூதனசாலையோ உண்டா என்பதே கடினமான வினா. குருக்கள்மடத்துத் துறையில், அக்கரையிலிருந்து வருவோருக்காகப் பாதை காத்து நிற்கிறது. வருவோரை ஏற்கும் துறையைக் கட்டுவது இக்கரையில் நிற்போரின் கடமையாகும்.